ஐஸ் உருகிய பிறகு போட்ட ஊசி

பத்து நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை, திருச்சியில் நடந்த கோழி டாக்டர்கள் மாநாட்டுக்குப் போயிருந்தேன். ஒரு நாள் முழுக்கக் கோழியைப் பற்றியே பேச்சு. அங்கே உனக்கு என்ன வேலை என்கிறீர்களா?

கட்டுரை வாசித்தவர்களில் ஒருவர் என் நண்பர் சௌந்தரராஜன். ஸ்ரீரங்கத்துக்காரர். முட்டையைத் தொட்டுவிட்டு வந்தால் கிணற்றடியில் குளித்த பிறகுதான் உள்ளே விடுகிற வீட்டில் பிறந்து, கோழி டாக்டர் ஆனவர்.

காலையில் வாசித்தவர்கள் எல்லோரும் ஜெயித்தவர்கள். வெள்ளைக் கழிச்சல் நோய்த் தடுப்பூசியால் பிழைத்த கோழிகள், பெருகிய முட்டைகள்... கைதட்டல், காபி, மறுபடியும் கைதட்டல்.

சௌந்தரராஜன் எழுந்தார்.

"ஊசி போட்டுக் காப்பாற்றியதாகக் காலையில் சொன்ன ஊர்களில் வையம்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றும் இருக்கிறது. அங்கே ஊசி போட்டவன் நான். அந்தக் கோழிகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை" என்றார்.

நான் நாற்காலியில் தாழ்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் அன்றைக்கு அவரோடு நானும் போயிருந்தேன்!

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த மருந்தை ஐஸில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். சூடு பட்டால் வெறும் தண்ணீர்தான். பிளாஸ்க்கில் ஐஸை நிரப்பிக்கொண்டு பஸ் ஏறினோம். மணப்பாறை தாண்டியதும் பஸ் படுத்துவிட்டது. சித்திரை வெயிலில் மூன்று மணி நேரம். ஒருவழியாக ஊர் போய்ப் பிளாஸ்க்கைத் திறந்தால் — ஐஸைக் காணோம். தண்ணீர்கூட வெதுவெதுப்பாக இருந்தது.

எதிரே கூடை கூடையாகக் கோழிகளோடு ஊரே காத்திருந்தது. முன்னால் நின்றவள் மாரியாயி. புருஷன் மானாவாரிக் காட்டில் மழையை நம்பியிருக்க, இவள் சர்க்கார் கொடுத்த வெள்ளை லெகார்ன் கோழிகளை நம்பியிருந்தாள்.

"ஊசி போட்டா சாவாதுங்களா?" என்று கேட்டாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "போட்டுடும் ஓய். இத்தனை பேர் காத்திருக்கா. பாதி மருந்தாவது வேலை செய்யாதா?" என்று கிசுகிசுத்தேன். மருந்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? வெயிலும் பசியும் பேசின.

"பயப்படாதீங்கோ, ஒண்ணும் ஆகாது" என்று அவளிடம் சொல்லிவிட்டு டாக்டர் ஊசியை எடுத்தார்.

அந்த வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் இதே பக்கத்தில் அவரைப் புகழ்ந்து தள்ளினேன். உங்களில் சிலர் பாராட்டிக் கடிதம்கூடப் போட்டீர்கள்.

அடுத்த மாதமே ஊருக்குள் கழிச்சல் வந்தது. ஆபீஸ் பாரத்தில் ஊசி போட்ட கோழிகளை எழுதக் கட்டம் இருந்தது. செத்ததை எழுதக் கட்டம் இல்லை.

மாநாட்டுக்கு வருகிறேன். டாக்டர் பேசி முடித்ததும் தலைவர் நன்றி சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். கேள்வி இல்லை, கைதட்டல் இல்லை. சாப்பாட்டுப் பந்தியில் அவருக்கு இரண்டு பக்கமும் இலை காலி. ஒரு பக்கத்தில் நான் போய் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு வையம்பட்டி போறேன். நீரும் வாரும்" என்றார்.

"எதுக்கு ஓய்? செத்த கோழி திரும்பி வரப்போறதா?"

"டாக்டர்கள்கிட்டே சொல்லியாச்சு. கோழி வளர்த்தவகிட்டே சொல்ல வேண்டாமா?"

போனோம். மாரியாயிக்கு எங்களை அடையாளம் தெரிந்தது. சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். டாக்டர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பஸ் நின்றது, ஐஸ் உருகியது, தெரிந்தே போட்டது. அவள் சொம்பை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"எங்க கொட்டாயிலதாங்க மொதல்ல செத்துச்சு. நான்தான் சீக்கைக் கொண்டாந்தேன்னுட்டாங்க. எங் கை ராசியில்லையாம். அடைவைக்க ஒரு முட்டை தரமாட்டேங்கிறாங்க" என்றாள். அப்புறம் மெதுவாக, "ரெண்டு வருசத்துல நானே அத நம்பிட்டேங்க" என்றாள்.

டாக்டரால் நிமிர முடியவில்லை.

"இத ஊர்க்காரங்ககிட்டயும் சொல்றீங்களா?"

சொன்னார். வீடு வீடாக ஏறி இறங்கிச் சொன்னார். பின்னாலேயே நானும். கேட்காமல் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. "இனிமே ஊசின்னு எவனாச்சும் இந்த ஊருக்குள்ள வரட்டும், பாத்துக்கிறேன்" என்று ஒருவர் துண்டை உதறினார்.

திரும்பும்போது பஸ்ஸில் டாக்டர் கேட்டார்: "நல்ல மருந்துய்யா அது. உண்மையைச் சொல்றேன்னு அதையும் கெடுத்துட்டேனோ?"

மறைத்தபோது பழி ஒருத்தி தலையில் விழுந்தது. சொன்னதும் மருந்தின் தலையில் விழுந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் கோழிக்குழம்பு வாசனை வீசும் ஊர்களை ஒன்றொன்றாகத் தாண்டி வீடு வந்து சேர்ந்தோம்.

முந்தாநாள் டாக்டருக்கு, மாநாடு நடத்திய சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இடமின்மை காரணமாக அவருடைய கட்டுரையை மாநாட்டு மலரில் சேர்க்க இயலவில்லையாம்.

என்னிடம் ஒரு பக்கம் இருந்தது. போட்டுவிட்டேன்.