செல்லத்தாயுடன் போனக்காட்டிலிருந்து இறங்கியது

யுத்தத்தால் பர்மா அரிசி வருவது நின்றுபோய், ஊரெல்லாம் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்னத் தொடங்கிய பிறகு, போன ஆவணியில் போனக்காடு தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். என் தங்கை அன்னம் அங்கே கொழுந்து பறிக்கிறாள். அவளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து நான்கு மாதமாகியும் நான் எட்டிப் பார்க்கவில்லை. திருவனந்தபுரத்தில் எனக்கு ஆபீஸ் வேலை. லீவு கிடைப்பது பெரும்பாடு.

வழியைச் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரம் தம்பானூர் பக்கமிருந்து நெடுமங்காடு பதினோரு மைல், அங்கிருந்து விதுரா பன்னிரண்டு. பெட்ரோல் தட்டுப்பாட்டால் பஸ் கரி வாயுவில் ஓடுகிறது. ஏற்றத்தில் நின்றுவிட்டால் இறங்கித் தள்ள வேண்டும் (வெள்ளை வேட்டி வேண்டாம்). விதுராவுக்கு மேலே பதினைந்து மைல் மலைப்பாதை. தோட்டத்து லாரி கிடைத்தால் உங்கள் பாக்கியம்.

அன்னத்தின் வீட்டு வாசலில் மூத்தவள் செல்லத்தாய் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வயது. கன்னம் உப்பி, பாதம் பளபளவென்று இருந்தது. தலைமயிர் மட்டும் செம்பட்டை. நான் நீட்டிய மிட்டாயை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"நல்லா தடிச்சிருக்கா, பாத்தியாண்ணே?" என்றாள் அன்னம். "சின்னவன் வந்ததும் பால மறக்கடிச்சேன். மரச்சீனிதான் குடுக்கேன். அழுகையே கிடையாது."

எனக்கு அந்தச் சத்தமில்லாமைதான் பிடிக்கவில்லை. "டவுனில் ஒரு தடவை காட்டிவிடுவோம்" என்று வற்புறுத்தி, மறுநாள் கைக்குழந்தையோடு எல்லோரையும் லாரியில் ஏற்றினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, செல்லத்தாயின் பாதத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"இது தடியில்ல கேட்டோ, நீராக்கும்" என்றார். "பாலு, பயறு, மீனு ஏதாவது உண்டா?"

"அதுக்கெல்லாம் எங்கம்மா போவேன்?" என்றாள் அன்னம்.

"மரச்சீனி வயிற நெறைக்கும், அவ்வளவுதான். சத்து வேணும்."

இரண்டு மணிக்கொரு தரம் கரண்டியால் பால் கொடுத்தார்கள். நான்காம் நாள் வீக்கம் வடிந்தது. பாயில் கிடந்தது எலும்பும் தோலும். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். அன்னம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கொழுகொழுன்னு கொண்டாந்தேனே! உருக்கிப்புட்டாங்களே! வாண்ணே, போயிருவோம்."

செல்லத்தாயைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள். டாக்டரம்மா ஓடிவந்து மறித்தார். "நீரு போயாச்சு. உள்ளே பிள்ளை இப்படித்தான் இருந்தது, அம்மா. இனிமேதான் சதை வைக்கணும். இப்ப கொண்டுபோனா உயிரு நிக்காது."

அன்னம் என்னைப் பார்த்தாள். எனக்கும் பயம்தான். "ஒரு வாரம் பார்ப்போம், அன்னம்" என்றேன். அவள் திரும்பிப் போய்ப் பிள்ளையைப் படுக்கவைத்தாள். இரண்டு நாள் என்னோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் பால் வரத் தாமதமானபோது செல்லத்தாய் வார்டே அதிரும்படி அழுதாள். "பசிக்குதாம்ணே" என்று சொல்லிவிட்டு அன்னமும் அழுதாள்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பினோம். மலையில் பாலுக்கு எங்கே போவது? நெடுமங்காடு சந்தையில் ஒரு கறவை ஆடு வாங்கினேன். பஸ்காரர் கூரையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். விதுராவில் லாரி டிரைவர்தான் மறுத்தார்.

"ஆட்டையெல்லாம் ஏத்த முடியாது, அண்ணாச்சி. உரமூட்டை இருக்கு."

அன்னம் பிள்ளையின் சட்டையை விலக்கி, இன்னும் எலும்பு தெரிந்த முதுகைக் காட்டினாள். "இவளுக்குப் பாலுக்காக்கும்."

அவர் இரண்டு மூட்டைகளை நகர்த்தினார்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மேலே பால் கிடைக்காது. தேயிலை மட்டும் தாராளம். குழந்தைகளுக்குக் கொண்டுபோவதென்றால் மிட்டாயை விட்டுவிட்டுச் சிறுபயறும் கருவாடும் கொண்டுபோங்கள். வீங்கிய பிள்ளையைக் கொழுத்த பிள்ளை என்று நினைத்து நாள் கடத்தாதீர்கள். ஆஸ்பத்திரியில் வீக்கம் வடியும்போது தாய் பயந்துபோவாள். அப்போது அவளோடு ஒருவர் இருக்க வேண்டும்.

தை மாதம் மறுபடி போனேன். செல்லத்தாய் ஆட்டின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வீட்டில் ஒரு பையனுக்குக் கால் வீங்கியிருந்தது. அவன் தாயிடம் அன்னம்தான் பேசினாள், ரொம்ப நேரம். மறுநாள் லாரியில் அந்தத் தாயும் மகனும் என்னோடு மலையிறங்கினார்கள்.