பிறந்த தேதிப்படி ஒரு பட்டியல்

போன ஞாயிறு அக்கா மகள் வாணி, வக்குவாவில் எங்கள் வீட்டுக்கு மடிக்கணினியோடு வந்தாள். கோயில் காவடிக்கு உதவ வருபவர்களின் பட்டியலை அடுக்க ஒரு சின்ன நிரல் எழுதியிருக்கிறாள்.

"பேரு, ஊரு, வயசு — எந்தக் கொலோன் முதல்ல, எது ரெண்டாவதுன்னு மட்டும் சொல்லுங்க மாமா. அதுவே வரிசையா அடுக்கிடும்."

"எதைச் சொன்னாலுமா?"

"எதைச் சொன்னாலும்!"

என் கண் அலமாரியில் இருந்த பழைய நாட்குறிப்புக்குப் போனது. ஐம்பது வருடம் கழிந்தும்...

1968 ஜனவரி. எங்கள் தீவின் சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. தலைநகர் போர்ட் லூயிஸில் இரு சமூகங்களுக்குள் கலவரம். கலந்து வாழ்ந்த தெருக்களிலிருந்து குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தன. அங்கே ஒரு கம்பெனியில், துளையிட்ட அட்டைகளை வரிசைப்படுத்தும் இயந்திரத்தில் எனக்கு வேலை. தொழிலாளி ஒருவருக்கு ஓர் அட்டை. பெயர், தெரு, பிறந்த தேதி, சமூகம் — அந்தக் கடைசிக் கட்டம் இல்லாத படிவம் எங்கள் தீவில் ஏது?

நாட்குறிப்பில் இருக்கிறது: செவ்வாய், மழை, காலை பத்து இருபது. தலைமை அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். நான் முன்பின் பார்த்திராதவர்.

"எல்லார் பட்டியலும் வேணும். தெருவாரியா. ஒவ்வொரு தெருவுக்குள்ளயும் சமூகவாரியா."

"எதுக்கு, மெஸ்யே?"

"அவங்க பாதுகாப்புக்கு."

"கடிதம்...?"

"பின்னால வரும். நாலு மணிக்கு வரேன்."

அவர் போனார். அட்டையில் துளையிடும் ரெனே, பக்கத்து மேசையில் தலை நிமிரவே இல்லை. அவன் தெருவில் அவன் சமூகத்துக்கு ஒரே வீடு, அவனுடையது. மூன்று பிள்ளைகள்.

"பாதுகாப்புக்குத்தானா?" என்றேன்.

"பா கொனே. எனக்கென்ன தெரியும்? அந்தத் தாள்ல என் வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு விரல் போதும்."

இயந்திரம் ஒரு தடவைக்கு ஒரு கட்டத்தைத்தான் படிக்கும். அதனால் தலைகீழாகப் போக வேண்டும் — முதலில் சமூகம், பிறகு தெரு. கடைசியாக ஓட்டியதுதான் பட்டியலை ஆளும். சொன்னபடியே ஓட்டினேன். அட்டைகள் அழகாக விழுந்தன. தெரு தெருவாக... இவர்கள் தனி, அவர்கள் தனி. ஒரு தெருவின் ஓரத்தில், ஒற்றை அட்டையாக ரெனே.

மணி மூன்று. அட்டைக் கட்டை மறுபடி இயந்திரத்தில் வைத்தேன். பிறந்த நாள், பிறகு மாதம். தெருக்கள் கலைந்தன. அதைத்தான் அச்சிட்டேன்.

"உனக்குத் தேதிப் பைத்தியம்னு தெரியும். இவ்வளவு முத்திடுச்சா?" ரெனே சிரிக்கப் பார்த்தான்.

"இப்பவே கிளம்பு. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு தெற்கே ரிவியேர் தே ஸாங்கீய்ல உன் அக்கா வீட்டுக்குப் போயிடு."

போய்விட்டான். சரியாக நாலு மணிக்கு அவர் வந்தார். தாள்களைப் புரட்டினார்.

"இது என்ன வரிசை?"

"மெஷின் இப்படித்தான் கொடுத்தது, மெஸ்யே."

என்னையே பார்த்தார். "உன் பேர் இதுல எங்க இருக்கு?"

"ஆகஸ்ட்ல..."

தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு போனார். திரும்ப வரவில்லை. கடிதமும் வரவில்லை. ரெனே பிழைத்தான். அந்தத் தெருவுக்கு அவனும் திரும்பவில்லை.

வந்தவர் யார்? இன்றுவரை தெரியாது. ஆனால் வயதாக ஆக வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. உண்மையிலேயே பாதுகாப்புக்குத்தான் கேட்டிருந்தால்? காப்பாற்றிக் கூட்டிப்போக ஒரு வண்டி எந்தெந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருந்ததோ... அதை நான் கலைத்துப்போட்டேனா? நிமிடக் கணக்காக எழுதிவைத்த என் நாட்குறிப்பில் இதற்கு மட்டும் பதில் இல்லை.

"மாமா! எந்தக் கொலோன்?"

"இரு. பட்டியலை யார் கேட்டாங்க — அதை முதல்ல சொல்லு."