கூடத்தில் மாட்டிய வயல்

தருமபுரத்தில் புதுவீடு கட்டியதும் அண்ணன் கூடத்துச் சுவரில் ஒரு பெரிய ஓவியத்தை மாட்டினான். வயல், நடவு நடும் பெண்கள், இரண்டு வெள்ளை மாடுகள், பின்னால் நீலமாக ஒரு மலை. சோபாவில் உட்காருகிறவர்கள் அதைப் பார்த்து "ஆகா" என்று சொல்லியாக வேண்டும். சொல்லாதவர்களுக்குக் காப்பி தாமதமாகத்தான் வரும்.

என்னைக் கூப்பிட்டது அதைப் பார்க்க. பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட. போலகத்தில் அப்பா விட்டுப்போன வயலை மனை போடுகிறவருக்கு விற்பதாக முடிவாகியிருந்தது. தங்கை என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"வயலு போனா என்ன, கண்ணு முன்னாடியே இருக்கட்டும்னுதான் இத வாங்கி மாட்டுனேன்," என்றான் அண்ணன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போலகத்துல மலை எப்பண்ணே மொளச்சுது?"

"படம்னா அப்படித்தான். ஒரு அழகுக்கு."

"கையால வரஞ்சதாக்கும்," என்றாள் அண்ணி.

அந்தக் கை சேற்றைத் தொட்டதில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. மாடுகள் சோப்புப் போட்டுக் குளித்திருந்தன. பெண்களின் சேலையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. அதையெல்லாம்கூட மன்னிக்கலாம். நடவு நடுகிறவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். நட்டது கண்ணுக்கு முன்னால் நிற்கும். இங்கே நட்டதெல்லாம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முன்னால் வெறும் சேறு. நட்ட நாற்றை அடுத்த அடியிலேயே மிதித்துக்கொண்டு பெண்கள் முன்னேறினார்கள், சிரித்த முகத்தோடு.

அதைச் சொன்னேன். அண்ணன் எழுந்துபோய்ப் படத்தை உற்றுப் பார்த்தான். அவன் முகம் சுருங்கியதில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு திரும்பி, "நீ கடைசியா எப்ப வயல்ல எறங்குன?" என்றான்.

நான் இறங்கியதே இல்லை. பள்ளிக்கூடம் படித்த காலத்தில் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. பிறகு வேலை, கல்யாணம், கோட்டுச்சேரியில் வீடு. குத்தகை நெல் மட்டும் வருஷம் தவறாமல் வாசலுக்கு வந்தது. அதைச் சாப்பிட்டுத்தான் இந்த வாய் பேசியது.

கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஓவியத்தைப் போட்டோ எடுத்து, சின்னதாகப் பிரேம் போட்டு எனக்கும் ஒன்று அனுப்பினான் அண்ணன். என்ன திமிர் என்று ஒரு மாதம் பீரோவுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். இப்போது அது என் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்களிடம் "எங்க வயலுங்க" என்று சொல்கிறேன். மலையைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை.