மூன்று மணிக்குப் பேசும் வீடு

காலை பத்தேகால், பதினேழாவது கதவு, கனகவல்லி. வீடு வீடாகப் போய் இயேசுவைப் பற்றிச் சொல்லும் வேலையில் முதல் பாடம், இந்த மூன்றையும் நோட்டில் எழுதிவிடுவது. நான்காவது கட்டம் 'ஏற்றுக்கொண்டவர்'. வேத வசனம் அச்சடித்த கைப்பிரதிக் கட்டோடு கதவு தட்டிப் பழகிய உங்களுக்கு அந்தக் கட்டம் எவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்று தெரியும். நாளிதழில் முப்பது வருடம் நிருபராக இருந்து ஓய்வு பெற்று, நெய்வேலி டவுன்ஷிப்பில் இந்த ஊழியத்துக்கு வந்தவன் நான். முதல் வருடம் முழுக்க என் நோட்டிலும் அங்கே ஒரு பெயர் இல்லை.

யாரிடம் மன்னிப்பு?

கனகவல்லியின் கணவர் மைன்ஸில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். அந்த வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. வணக்கம் சொல்லி இரண்டு வாக்கியம் பேசியிருப்பேன். அந்த அம்மாள் கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்த்தார்.

"நேத்தும் வந்தீங்களே" என்றார். நேற்று நான் நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். சொன்னேன், நம்பவில்லை. பின்பக்கம் காலியாகக் கிடக்கும் குவார்ட்டர்ஸ் வரிசையில் மூன்று மணிக்குப் பேசினேனாம். முந்தா நாளும் பேசினேனாம். போன மாதமும்.

வேறு யாராவது இருக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "குரல் இதேதான் சார். நடுவுல இருமினீங்க, அப்புறம் மன்னிப்பு கேட்டீங்க. அங்க ஒருத்தரும் குடியில்லையே, யார்கிட்ட மன்னிப்பு கேட்டீங்க?"

இஸ்திரி வண்டி

தெருமுனையில் புங்க மரத்தடியில் ஒருவர் இஸ்திரி வண்டி போட்டிருப்பார். மதியச் சாப்பாடு முடிந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். நிழலை விட்டுவிட்டு வெயிலுக்கு ஏன் போகிறார் என்று தெரிந்துகொள்ள, ஒரு சட்டையைக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன்.

அவர் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார். என் குரலைக் கேட்டதும் கை நின்றது. துணி கருகும் வாசனை வந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினார். "மூணு மணிக்கு அந்த வூட்டுக்குள்ள பேசுற ஆளு, காலையில வெளிய வந்து சட்டைக்கு இஸ்திரி கேட்டா நான் இன்னா சார் பண்றது?"

ஓர் இருமல்

இங்கே ஒரு பழைய சங்கதியைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருடம் எங்கள் சபையில், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்குப் பேசும் பெட்டி கொடுத்தார்கள். உள்ளங்கை அகலம், முதுகில் சோலார் தகடு. வேதக் கதைகளைப் படித்துப் பதிவு செய்தவன் நான். முதல் கதை, பங்கைப் பிரித்துக்கொண்டு தூர தேசம் போன இளைய மகனுடையது. பாதியில் இருமல் வந்துவிட்டது. "மன்னிக்கணும், மறுபடி ஆரம்பிக்கிறேன்" என்று சொல்லி முதலிலிருந்து படித்தேன். பத்திரிகையில் தவறை மறைக்க மாட்டோம். மறுநாள் திருத்தம் போடுவோம். அந்தப் பழக்கம்.

அதை வெட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் வெட்டவில்லை. பெட்டிகளெல்லாம் கொடுத்து முடிந்தபின் போதகரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "இருக்கட்டும் பிரதர். படுத்துக் கிடக்கிறவங்களுக்கு அப்படி என்ன அவசரம்?"

கலியமூர்த்தியின் கேள்வி

மறுநாள் மூன்று மணிக்குச் சற்று முன்னால் அந்த வரிசைக்குப் போனேன். இடிப்பதற்காகக் காலி செய்த வீடுகள். கதவும் ஒயரும் திருட்டுப் போகாமல் பார்க்க ஒரு கான்ட்ராக்ட் காவலர், முத்தாண்டிக்குப்பத்துக்காரர், பெயர் கலியமூர்த்தி, அறுபதை நெருங்கியவர். மூன்றாவது வீட்டுக்கு எதிரே ஸ்டூலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். "வணக்கங்க" என்றேன். திரும்பிப் பார்க்காமலே எழுந்து நின்றார். அதே நொடியில், பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து நான் பேச ஆரம்பித்தேன்.

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அலமாரித் தட்டில் எங்கள் பெட்டி. குடியிருந்தவர்கள் திருச்சிக்குப் போகும்போது சுவிட்சை அணைக்காமல் மறந்துவிட்டார்கள். பாட்டரி போய்விட்டது; வெயில் பட்டால் பேசும், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து. இருமினேன். மன்னிப்புக் கேட்டேன். மகன் மறுபடி வீட்டை விட்டுப் போனான், எல்லாவற்றையும் அழித்தான், பன்றி மேய்த்தான், அப்பாவிடம் திரும்பலாம் என்று எழுந்து நடந்தான். வெயில் ஜன்னலை விட்டு விலகியது. குரல் நின்றது.

"பயப்படாதீங்க, பேய் இல்ல, பெட்டிதான்" என்றேன். கலியமூர்த்திக்குக் கோபம் வந்தது. "பொட்டின்னு மொத வாரமே பாத்துட்டேன் சார். நாலு மாசமா அந்தப் பையன் வழியிலயே நிக்கிறான். அப்பன் சேத்துக்கினானா இல்லியா? அத்த சொல்லு." பிறகு தரையைப் பார்த்தபடி மீதியையும் சொன்னார். கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டதற்காக மகனை வீட்டுப் படி ஏறாதே என்றிருக்கிறார். அவன் ஞாயிறுதோறும் பஸ்ஸை விட்டு இறங்கி மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறான். இவர் வாசலிலிருந்து பார்ப்பார், கூப்பிட மாட்டார்.

நான் இருமாமல் இருந்திருந்தால் அந்த வெயிலுக்குள் அப்பா வெளியே வந்திருப்பார். கைப்பிரதியை எடுக்கவில்லை. மகனைத் தூரத்தில் கண்டதுமே அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார் என்று மட்டும் சொன்னேன். கலியமூர்த்தி ஸ்டூலை என் பக்கம் திருப்பிப் போட்டார். "ஓடுனானா? அந்த வயசுலயா? ஊரு சிரிச்சிருக்குமே சார். செருப்ப மாட்டிகினு ஓடுனானா, அப்படியேவா?"

வேறு குரல்

பெட்டியை அன்றைக்கே கம்பியால் இழுத்து எடுத்துக்கொண்டு போய், சுவிட்சை அணைத்து, என் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன். மூன்று வாரம் கழித்துக் கனகவல்லி வீட்டு வழியாகப் போனேன். இந்தத் தடவை கதவை முழுதாகத் திறந்தார். இன்னும் மூன்று மணிக்குக் கேட்கிறது என்றார். "அதே எடத்துல இருமல், அதே மன்னிப்பு. ஆனா குரல் வேற சார். இப்ப கதையை முடிச்சிடறாங்க."

மூன்று மணிக்குப் போய்ச் சுவரோரம் நின்றேன். கலியமூர்த்தி அதே ஸ்டூலில். எதிரே துப்புரவுப் பணிப் பெண்கள் நாலு பேர், துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு. என் வார்த்தைகள் ஒன்று விடாமல் அவர் வாயிலிருந்து வந்தன. சரியான இடத்தில் இருமினார். மன்னிக்கணும் என்றார், மறுபடி ஆரம்பித்தார். அப்பா ஓடும் இடத்தில் மட்டும், வெறுங்காலோடு என்று சேர்த்துக்கொண்டார். எல்லோரும் போனபின், அந்த இருமல் எதற்கு என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அது கதையில வருது இல்ல சார்?"

நான்காவது கட்டத்தில் கலியமூர்த்தி பெயரை எழுதுவதா, அதற்கு ஒரு திருத்தம் போடுவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி அந்த வரிசை இடிக்கப்பட்டது, அன்று அவருக்கு லீவு, மகனும் மருமகளும் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.