லிப்சா பாட, வட்டம் திருப்பிப் பாடியது

ரிஃபானா டீச்சரைப் பற்றி ஊரில் ஒரு புகார் உண்டு. சொன்னால் கேட்க மாட்டாள் என்பார்கள். உண்மைதான், கேட்க மாட்டாள். கேட்டிருந்தால் எனக்கு இதைச் சொல்ல வேண்டிய வேலையே இல்லை.

கோவைக்குத் தெற்கே, இரும்பு உருக்கும் பவுண்டரிகளுக்கு நடுவே இருக்கும் ஒரு தொடக்கப்பள்ளி அது. அவளுடைய மூன்றாம் வகுப்பில் ஜூலை மாதம் ஒடிசாவிலிருந்து ஏழு பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். ஊரே அவர்களை ‘ஹிந்திக்காரப் பசங்க’ என்றது. ரிஃபானாவும் அதை நம்பி, தான் வளர்ந்த கோட்டைமேட்டில் எதிர்வீட்டு உருதுக்காரர்களிடம் பொறுக்கி வைத்திருந்த இந்தியையெல்லாம் இரண்டு வாரம் அவர்களிடம் பேசித் தீர்த்தாள். லிப்சா என்ற எட்டு வயதுக்காரி திருதிருவென்று விழித்தாள். ஒடியா பேசும் குழந்தைக்கு இந்தியும் தமிழைப் போலவே புரியாத மொழிதான் என்று தெரிந்த அன்று, ரிஃபானா தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

பிறகு பேச்சை விட்டுவிட்டுக் கும்மியைப் பிடித்தாள். கும்மியில் ஒருவர் நடுவில் நின்று ஒரு வரி பாடுவார், சுற்றி நிற்கும் வட்டம் அதையே திருப்பிப் பாடும். அர்த்தம் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் கால் மணி நேரம் ஆடினார்கள். டிசம்பருக்குள் ஆறு பேர் பாடத் தொடங்கிவிட்டார்கள். லிப்சா மட்டும் அடி வைத்ததோடு சரி, வாய் திறக்கவில்லை. ஒருநாள் அவளாகவே நடுவில் வந்து, நாற்று நடும்போது அவள் அம்மா பாடும் ஒரு ஒடியா வரியை எடுத்துவிட்டாள். வட்டம் யோசிக்கவே இல்லை, திருப்பிப் பாடியது. ரிஃபானா எல்லார் முன்னாலும் அழுதாள்.

மார்ச்சில் ஆண்டு விழாவுக்கு நான்கு நாள் இருக்கையில் சீனிவாசலு ஒத்திகை பார்க்க வந்தார். அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் வேலை செய்யும் பவுண்டரியின் முதலாளி அவர். பந்தல், மைக், சாப்பாடு எல்லாம் அவர் உபயம். தற்காலிக டீச்சரான ரிஃபானாவின் சம்பளமும் அவர் கொடுப்பதுதான். போதாததற்கு, ஊர்க் கும்மிக் குழுவுக்கு அவரே ஆசான்.

“ஏனுங்க டீச்சர், இந்த ஹிந்திக்காரப் புள்ளைகள வட்டத்துல நிறுத்தாதீங்க. ஓரமா உக்காந்து பாக்கட்டும். சாப்பாடு குடுத்துப்போடலாம்.”

“ஹிந்தி இல்லீங்க, ஒடியாங்க. இவ அப்பா ரெண்டு வருசமா உங்க உலைகிட்ட நிக்கறாருங்களே, என்ன பாஷைன்னு கேட்டதே இல்லீங்களா?”

“அது வேலைங்க. இது நம்ம கலைங்க.”

“உங்க ஊட்டுல தெலுங்குதானுங்களே பேசறீங்க? உங்கள யாராச்சும் ஓரமா உக்காரச் சொன்னாங்களா?”

அவர் முகம் சிவந்துவிட்டது. “நாங்க முன்னூறு வருசமா இந்த மண்ணுல இருக்கறமுங்க!”

“மொதல் வருசம்னு ஒண்ணு இருந்திருக்குமில்லீங்களா?”

“அதுக ஆடுனா, ஜூன்ல நீங்க வர வேண்டாமுங்க” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

தலைமையாசிரியர் பூவாத்தாள் ரிஃபானாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒரு நா ஆட்டத்துக்காவப் பொழப்பக் கெடுத்துக்காத அம்மணி.” ரிஃபானாவுக்கும் பயம்தான். தனியாளாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள். ஆனால் லிப்சாவைப் பார்த்து ‘நீ உட்கார்’ என்று சொல்ல அவளுக்கு எந்த மொழியிலும் வாய் வரவில்லை.

விழா அன்று முப்பது பிள்ளைகள் வட்டம் கட்டினார்கள். நடுவில் மைக்கோடு லிப்சா. முதல் வரி கேட்டதுமே சீனிவாசலு விருட்டென்று எழுந்து வந்தார். கும்மி தொடங்கிவிட்டால் வட்டத்துக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது, ஆட்டத்தை நிறுத்தவும் கூடாது. ஊரில் அந்தக் கட்டுப்பாட்டைப் போட்டவரே அவர்தான். ஊரே பார்க்க, விளிம்பு வரை வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். லிப்சா ஒடியாவில் பாடப் பாட, தமிழ்ப் பிள்ளைகள் எழுத்துப் பிசகாமல் திருப்பிப் பாடினார்கள். ஷிப்டு முடிந்து கரிச்சட்டையோடு கேட் அருகே நின்ற லிப்சாவின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆட்டம் முடிந்ததும் சீனிவாசலு நேராக ரிஃபானாவிடம் வந்தார். “ஜூன்ல வேற டீச்சர் வருவாங்க.”

“வரட்டுங்க. ஏப்ரல் வரைக்கும் இந்த வகுப்பு என்னுதுங்க. நாளைக்கே அடுத்த பாட்டு ஆரம்பிக்கறோம். நீங்களும் வட்டத்துக்கு வாங்க, எடமிருக்குங்க. பாஷை தெரியாட்டிப் பரவால்லீங்க. லிப்சா பாடுவா, நீங்க திருப்பிப் பாடுனாப் போதும்.”