பல்லுக்காரர் போட வைத்த ரோடு

தெருவில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பல்லுக்காரர் என்றால்தான் தெரியும். டாக்டர் இல்லை. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சைப் பார்த்துப் பல்செட் செய்துகொடுக்கும் பட்டறையில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை முகம் தெரியாத யார் யாருடைய வாயோடோ உட்கார்ந்திருப்பார். மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவில் நீல மைத்தாளை வைத்து அழுத்துவார். எந்தப் பல்லில் நீலம் அதிகமாக ஒட்டுகிறதோ அந்தப் பல் உயரம் என்று அர்த்தம். அதை உரசுவார், ஊதுவார், மறுபடி அழுத்திப் பார்ப்பார். மயிரிழை உயர்ந்தாலும் போட்டுக்கொள்கிறவனுக்குத் தாடை வலிக்கும். அதனால் மறுபடி உரசுவார். இந்தப் பொறுமையெல்லாம் பட்டறைக்குள் மட்டும்தான். வெளியே காலை வைத்தால் மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

கோபத்துக்குக் காரணம் ரோடு. ரோட்டின் மேல் கோபம் வரக் காரணம் கார்.

வாலிப வயதிலிருந்தே அவருக்குக் கார் பைத்தியம். அடுத்தவர் கார் நின்றிருந்தால் கண்ணாடி வழியாக மீட்டரை எட்டிப் பார்க்காமல் நகரமாட்டார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, பெண்ணைப் பார்த்ததைவிட வாசலில் நின்ற மாமனாரின் காரைப் பார்த்ததுதான் அதிகம் என்று மனைவி இன்றைக்கும் குத்திக் காட்டுவாள். தலைமுடி பாதி நரைத்த பிறகுதான் சொந்தக் கார் வாய்த்தது. ஏற்கெனவே ஒருவர் ஓட்டிவிட்டு விற்றது. கருநீலம், நீளமான மூக்கு, தரையோடு தாழ்ந்த உடம்பு. தாழ்ந்திருந்தால்தான் வேகத்தில் ஆட்டம் இருக்காது என்று வாங்கியவர் அவர். அந்தத் தெருவில் அந்தக் காரை வாங்கியதைப் போன்ற முட்டாள்தனம் வேறு கிடையாது. ஆனால் ஆசைப்பட்டவனிடம் யார் போய்ப் புத்தி சொல்வது? பல்செட்டுக்கு மினுமினுப்பு ஏற்றும் பசையைப் பட்டறையிலிருந்து கொஞ்சம் கொண்டுவந்து, முன்விளக்குகளை ஞாயிற்றுக்கிழமை தோறும் தேய்ப்பார். விளக்குகள் பளிச்சென்று சிரிக்கும். அடியில் சைலன்சர் தொங்கும்.

தெருவை ரோடு என்று சொல்வதே பெரிய மனசு. முதலில் தண்ணீர்க் குழாய்க்காரர்கள் வெட்டினார்கள். அவர்கள் மண்ணைத் தள்ளிவிட்டுப் போன ஈரம் காய்வதற்குள் போன் கேபிள்காரர்கள் வந்தார்கள். அப்புறம் சாக்கடைக்காரர்கள். ஆளாளுக்கு வெட்டினார்களே தவிர மூடியவன் ஒருவனும் இல்லை. நடுவில் ஒருமுறை தார் போட்டார்கள். காகித கனத்தில் தடவியது. மழை வந்தது, தார் சாக்கடையோடு போயிற்று, குழி மட்டும் விசுவாசமாக அங்கேயே இருந்தது.

பல்லுக்காரருக்கு ஒவ்வொரு குழியும் மனப்பாடம். வலதுபுறம் ஒடித்து, இடதுபுறம் இழுத்து, ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார். அப்படியும் வாரத்துக்கு ஒருமுறை அடியில் 'டங்'. அந்தச் சத்தம் அவருக்கு நெஞ்சுக்குள் கேட்கும். இறங்கி, ரோட்டிலேயே மண்டியிட்டு, தலையை அடியில் நீட்டிப் பார்த்துவிட்டு எழுந்து நின்று, குழாய்க்காரனில் ஆரம்பித்து ஆபீசில் உட்கார்ந்திருக்கும் பெரிய அதிகாரி வரைக்கும் வரிசையாகத் திட்டுவார். தெருவே கேட்கும்படி திட்டுவார்.

"சார், உங்க காரு ரோட்டுல ஓடல. குழிக்குள்ள குடியிருக்கு," என்பான் மெக்கானிக். அவனுக்கென்ன, சிரிப்பான். இந்தத் தெருவால்தான் அவன் மாடி கட்டினான்.

இதையெல்லாம்கூடப் பல்லுக்காரர் பொறுத்திருப்பார். ஒரு மழைநாளில் நடந்ததுதான் அவரை உடைத்துவிட்டது. மனைவியை மருந்துக் கடை வேலையிலிருந்து அழைத்துக்கொண்டு வரும்போது, தண்ணீர் நிறைந்திருந்த குழி ஒன்று கண்ணை ஏமாற்றிவிட்டது. கார் ஒரு பக்கமாக இறங்கி எகிறியது. மனைவிக்கு இடுப்பில் சுரீர் என்று பிடித்தது. இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்க வேண்டியிருந்தது. படுக்கையை விட்டு எழுந்த அன்று அவள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"இனிமே இந்தக் கார்ல நான் கால் வைக்க மாட்டேன். ஒழுங்கா ரோடு போடட்டும், அப்புறம் பாக்கலாம்."

"நான் என்ன வேணும்னா இறக்கினேன்?"

"நீங்க இறக்கல. ரோடுதான் இறக்கிச்சு. அதான் சொல்றேன், ரோடு போடட்டும்."

அன்றிலிருந்து அவள் பஸ்ஸில் நின்றுகொண்டு போனாள். இவர் பக்கத்து சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு காரில் போனார். கார் வாங்கியதே அவளை உட்காரவைத்துக்கொண்டு ஊர் சுற்றத்தான். அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லத் தெரியாத ஜென்மம்.

திட்டுவதோடு நிறுத்தாமல் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். "எஸ்டிமேட் போயிருக்கு" என்றார்கள். அடுத்த முறை, "எஸ்டிமேட் வந்துருக்கு, ஆனா சைன் ஆகல" என்றார்கள். அதற்கடுத்த முறை, சைன் போடுகிறவரே மாறிவிட்டார் என்றார்கள். கவுண்டரில் இருந்தவள் இவர் தலையைக் கண்டாலே டீ குடிக்க எழுந்து போய்விடுவாள். இவர் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தே திட்டிவிட்டு வருவார். இப்படி நச்சரித்து நச்சரித்து, கடைசியில் இந்த ஆள் தொல்லை தாங்காமலேயோ என்னவோ, ஒருநாள் தெருமுனையில் ஜல்லி வந்து இறங்கியது.

பல்லுக்காரர் பட்டறைக்கு லீவு போட்டார். காரை ஷெட்டுக்குள் விட்டு, தார் தெறிக்காமல் இருக்கப் பழைய போர்வையால் மூடினார். வாசலில் நாற்காலியைப் போட்டு, பட்டறையிலிருந்து கொண்டுவந்த இரும்பு ஸ்கேலோடு உட்கார்ந்தார். ஏமாற்றிவிட்டுப் போக விடுவேனா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார்.

மேஸ்திரி வெற்றிலை போட்ட வாயோடு வந்தார். "சார், கொஞ்சமாத்தான் போடப்போறோம். பழைய ரோட்டச் சுரண்டற மெஷின் வரல. மேலேயே கனமா போட்டா உங்க வாசல் எல்லாம் பள்ளமாயிடும்."

பல்லுக்காரருக்கு ரத்தம் கொதித்தது. காகித கனத்தில் போட்டுவிட்டு ஓடியவர்கள் வம்சத்தில் வந்த ஆள், இப்போது வாசலுக்காகக் கவலைப்படுகிறானாம்! "ஜல்லிய மிச்சம் பண்ண என்கிட்டயே கதை விடறியா? யார் வீட்டுக்குப் போகுது அந்த மிச்சம்? கனமா போடுய்யா!"

எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் தலையை நீட்டினார். அவர் முன்பு தன் வீட்டுக் குழாய்க்காக ரோட்டை வெட்டி, பல்லுக்காரரிடம் தெருவே பார்க்க வாங்கிக் கட்டிக்கொண்டவர். அன்றிலிருந்து பேச்சு இல்லை. இருந்தும் இப்போது பொறுக்கமுடியாமல், "மேஸ்திரி சொல்றதுலயும் விஷயம் இருக்கு சார்" என்றார்.

"ரோட்ட வெட்டினவர்லாம் ரோட்டப் பத்திப் பேசக்கூடாது," என்றார் பல்லுக்காரர். எலக்ட்ரீஷியன் கதவைச் சாத்திக்கொண்டார்.

மேஸ்திரி ஒரு நிமிஷம் இவரைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார். "கனமா போடுங்கடா. சார் ஆசைப்படறாரு." போட்டார்கள். ஜல்லி மேல் ஜல்லி, அதன் மேல் தார், ரோலர் வந்து அழுத்த அழுத்த இன்னும் கொஞ்சம். பல்லுக்காரர் ஓரத்தில் ஸ்கேலை நட்டு, இன்னும் இன்னும் என்று கை காட்டிக்கொண்டே இருந்தார். காலம் பூராவும் பல்லில் உயரத்தைத் தேடித் தேடி உரசியவருக்கு, கண்ணெதிரே ஏறிய உயரம் உயரமாகவே தெரியவில்லை. யாரையும் நம்பாதவர்களுக்கு இப்படித்தான் ஆகும். பொய் சொல்கிறவன் ஒருநாள் உண்மை சொன்னால், அதைக் கண்டுபிடிக்க அவர்களிடம் வழியில்லை.

ரோடு முடிந்தது. கருகருவென்று, வழுவழுவென்று, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு மேடு பள்ளம் இல்லை. பல்லுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்து பார்த்தார். உள்ளே போய், சமையலறை வாசலில் நின்றார்.

"போட்டுட்டாங்க."

"பாத்தேன்," என்றாள் மனைவி, முகத்தைத் திருப்பாமலே. "தார் காயட்டும். ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகலாம். கார்லயே."

இத்தனை காலத்தில் அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அந்த வாரம் முழுக்கக் காரை ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் பட்டறைக்கு நடந்தே போனார், யாரையுமே திட்டவில்லை. தெருக்காரர்கள் ஸ்கூட்டர்களை வாசலிலிருந்து இரண்டு பேராகத் தூக்கி ரோட்டில் வைத்தபோது, அவர்கள் முனகியதைக் காதில் போட்டுக்கொள்ளவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவி நல்ல சேலை கட்டிக்கொண்டு, முதுகுக்கு ஒரு தலையணையோடு வந்து உட்கார்ந்தாள். ஷெட்டுக் கதவைத் திறந்தார். அப்போதுதான் கார் உயரத்திலிருந்து அந்த ரோட்டைப் பார்த்தார். ஷெட் வாசலுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குச் சுவர் மாதிரி நின்றது. ஏறிவிடும் என்று நினைத்தார். ஏறாது என்று நினைக்க மனசு இடம் கொடுக்கவில்லை. செங்கல் இரண்டைப் போட்டு, பலகையைச் சாய்த்து, கியரைப் போட்டு மெல்ல அழுத்தினார். முன்சக்கரங்கள் ஏறின. பலகை மளுக்கென்று முறிந்தது. காரின் வயிறு ரோட்டின் விளிம்பில் உட்கார்ந்தது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மூக்கு மட்டும் புது ரோட்டின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது.

கூட்டம் கூடியது. ஸ்கூட்டர் தூக்குகிற கடுப்பெல்லாம் அன்று வெளியே வந்தது.

"கனமா போடுன்னு நாற்காலி போட்டு உக்காந்து சொன்னது யாரு?"

"மழை வரட்டும், தண்ணி நேரா என் ஹாலுக்குத்தான் வரும். சார்தான் வந்து இறைக்கணும்."

"மேஸ்திரி தலபாடா அடிச்சுக்கிட்டாரு. கேட்டாத்தானே!"

மனைவி காருக்குள் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இறங்கவில்லை. அவள் இறங்கிவிடுவாளோ என்கிற பயம்தான் பல்லுக்காரரைப் பிடித்து ஆட்டியது. இன்றைக்கு இறங்கினால் இனி ஏறமாட்டாள்.

ரோட்டைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். "கடப்பாரை இருக்கா?"

எலக்ட்ரீஷியன் அவரை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய், எர்த் குழி தோண்டுகிற கடப்பாரையைக் கொண்டுவந்து நீட்டினார். நீட்டும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒன்று போதும்.

பல்லுக்காரர் வெட்டினார். சட்டை நனைய நனைய, தன்னால் வந்த ரோட்டைத் தன் கையால் வெட்டினார். அந்தத் தாழ்ந்த கார் அடி தட்டாமல் ஏற நீளமான சரிவு வேண்டும்; அதனால் ரோட்டின் நடு வரைக்கும் வெட்ட வேண்டியிருந்தது. அவர் கேட்டபடியே, துளியும் ஏமாற்றாமல் கனமாகப் போட்டிருந்தார்கள், படுபாவிகள். கை கொப்பளித்தது. ஜல்லி தெறித்து முகத்தில் அடித்தது. தெரு வேடிக்கை பார்த்தது. கடைசியில் நாலு பேர் பின்னாலிருந்து தள்ள, கார் முனகிக்கொண்டே மேலே ஏறியது.

அதற்கப்புறம் சொர்க்கம்தான். தெருமுனை வரை கார் ஓடியதா மிதந்ததா தெரியவில்லை. சத்தமில்லை, ஆட்டமில்லை. மனைவி தலையணையை எடுத்துப் பின்சீட்டில் போட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

அக்கா வீட்டில் இருந்த நேரமெல்லாம் பல்லுக்காரர் அந்த இரண்டு வார்த்தையையே அசைபோட்டுக்கொண்டிருந்தார். வெயில் தாழத் திரும்பினார்கள். தெருமுனையில் வண்டியைத் திருப்பியவர் சட்டென்று பிரேக்கை மிதித்தார்.

தெரு முழுக்க ஆட்கள். எல்லார் கையிலும் கடப்பாரை, மண்வெட்டி, சம்மட்டி. வீட்டுக்கு வீடு வாசலில் சரிவு வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டர் இறங்க ஒரு வெட்டு, தண்ணீர் ஓட ஒரு வெட்டு. இந்தப் பக்கத்து வெட்டும் அந்தப் பக்கத்து வெட்டும் நடுவில் வந்து ஒன்றையொன்று தொட்டன. வழித்தெடுத்த தாரும் ஜல்லியும் அங்கங்கே குவிந்து கிடந்தன. வழுவழுவென்று மிச்சம் இருந்தது தெருவிளக்குக் கம்பத்தடியில் ஒரு துண்டு மட்டும்.

எலக்ட்ரீஷியன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து கார் ஜன்னலுக்குள் குனிந்தார். "நீங்க வெட்டினதப் பாத்தப்புறம்தான் சார் எங்களுக்கெல்லாம் தைரியமே வந்துச்சு."

பல்லுக்காரர் திட்ட வாயைத் திறந்தார். குழாய்க்காரன் இல்லை, கேபிள்காரன் இல்லை, மேஸ்திரியும் இல்லை. வாய் திறந்தபடியே இருந்தது.

பக்கத்தில் கதவு திறந்தது. மனைவி பின்சீட்டுத் தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்து, ஜல்லிக் குவியல்களைச் சுற்றி நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் ஒரு ஆட்டோ வந்து நின்று, விடாமல் ஹாரன் அடித்தது. ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார். "நேத்துதான்யா நல்லா இருந்துச்சு இந்த ரோடு. எந்தப் புண்ணியவான்யா இப்படி வெட்டிப் போட்டது?"

பல்லுக்காரர் கதவைத் திறந்து இறங்கினார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"நான்தான்யா. என்ன இப்போ?"