அம்மா ஆடிய வீடியோ கேம்

மரப்பலகையில் விரலை மடக்கித் தட்டுவதுபோல 'டொக் டொக் டொக்' என்று இடைவிடாமல் வரும் ஒரு சத்தம், அதன் நடுவே திடீரென்று நீர்க்குழாய் உறிஞ்சுவதுபோல ஓர் இழுப்பு, பிறகு அமைதி. எண்பதுகளின் நடுவில் ஆம்பூரில் எங்கள் வீட்டுப் பகல்கள் அப்படித்தான் ஒலித்தன. சவுதியில் எலக்ட்ரீஷியனாக இருந்த என் அப்பா, எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் 'நைனா' என்று அழைத்தவர், அவரோடு அங்கே வேலைபார்த்து லீவில் ஊருக்கு வந்த அமீது பாயிடம் எனக்காகக் கொடுத்தனுப்பிய கறுப்புப் பெட்டியின் சத்தம் அது. டிவியின் பின்னால் ஒயரைச் செருகி, பெட்டியில் 'கேசட்'டை அழுத்தினால், திரையில் சந்து சந்தாக ஒரு கட்டம் விரியும். வாயைத் திறந்து மூடும் ஓர் உருண்டை அந்தச் சந்துகளில் புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓட, நான்கு பிசாசுகள் அதைத் துரத்தும். 'குச்சி' என்று நாங்கள் சொன்ன கைப்பிடியைத் திருப்பித் திருப்பி உருண்டையைத் தப்பவைக்க வேண்டும். மூலையில் இருக்கும் பெரிய புள்ளியைத் தின்றுவிட்டால் கொஞ்ச நேரத்துக்குப் பிசாசுகள்தான் நம்மைக் கண்டு ஓடும்.

அம்மா அந்தக் குச்சியைத் தொடமாட்டாள். "எனக்கெதுக்குடி இந்த பேஜாரு? நீ ஆடு" என்பாள். குடியாத்தத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். வேறு சாதிக்காரரான நைனாவை விரும்பிக் கட்டிக்கொண்டதால் தாய்வீட்டுப் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. நைனாவின் பக்கமும் சொல்லிக்கொள்ளும்படி யாரும் இல்லை. காலையில் ஷூ கம்பெனி ஆள் தோல் கட்டைக் கொடுத்துவிட்டுப் போவான். அம்மா ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்து மறுநாள் திருப்பித் தருவாள். "ஆம்பள இல்லாத வூடு, கதவு எப்பவும் தாப்பா போட்டே இருக்கணும்" என்று நைனா கிளம்பும்போது சொன்ன சொல்லை அவள் பிசகாமல் காப்பாற்றினாள். தண்ணீர் பிடிக்கப் போனாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நேராக வந்துவிடுவாள்.

ஒருநாள் பள்ளியில் யாரோ இறந்துபோனதற்காக மதியமே மணி அடித்துவிட்டார்கள். வெயிலில் ஈரத்தோல் நெடி ஏறிக் கிடந்த தெருவில் நடந்து வந்து கதவைத் தட்டக் கையை ஓங்கியபோது, உள்ளே அம்மாவின் பேச்சுக்குரல் கேட்டது. எங்கள் வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள்! ஒருவேளை குடியாத்தத்திலிருந்தே யாராவது வந்துவிட்டார்களோ என்று எனக்கு அப்படியொரு சந்தோஷம். ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

தைக்கவேண்டிய தோல் ஒரு பக்கம் குவிந்திருக்க, அம்மா தரையில் சப்பணமிட்டு, குச்சியைப் பிடித்துக்கொண்டு டிவியோடு பேசிக்கொண்டிருந்தாள். "இன்னா, நீ மட்டும் அங்கேயே நிக்கற? சோறு துன்னியா இல்லையா? வா, வா, இப்பிடிக்கா வா... ஐய, இவன் ஒருத்தன், எப்பவும் பின்னாடியே வர்றான்!" பிசாசுகளிடம்தான். என்னிடம்கூட அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சத்தம் போடாமல் திரும்பிப்போய்த் தெருக்கோடிக் குழாயடித் திட்டில் உட்கார்ந்து, வழக்கமாகப் பள்ளி விடும் நேரத்துக்கு வீட்டுக்குப் போனேன். பெட்டிமேல் துண்டு போர்த்தியிருந்தது, அம்மா தைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோடையில் நைனா லீவில் வந்தார். சென்ட் வாசனையும் வாசல் நிறைய அவருடைய தோஸ்துகளுமாக வீடு அமளிப்பட்டது. எங்களை வேலூர் கோட்டை மைதானத்துப் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போனார். ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடாரத்தில் ஆளுயர வீடியோ கேம் மெஷின்கள் வரிசையாக நின்றன. அதில் ஒன்று எங்கள் விளையாட்டு. எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில் எல்லாமே சாம்பல்; இங்கேயோ உருண்டை மஞ்சள், பிசாசுகள் சிவப்பும் ரோஜா நிறமுமாக மின்னின. நான் ஆடினேன்; அந்த நிறங்களையே பார்த்துக்கொண்டு நின்றதில் பிசாசுகளிடம் சீக்கிரம் மாட்டிக்கொண்டேன்.

"சரோ, நீ ஆடறியா?" என்று நைனா கிண்டலாகக் கேட்டார். அம்மா முதலில் தலையாட்டி மறுத்தாள். பிறகு கைப்பையை அவரிடம் கொடுத்துவிட்டு, உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மெஷின்முன் போய் நின்றாள்.

நைனா முதலில் கைதட்டினார். திரையில் ஒரு கட்டம் காலியாகி அடுத்தது வந்தது, அதுவும் காலியானது. காலேஜ் பையன்கள் பக்கத்து மெஷின்களை விட்டுவிட்டு வந்து சூழ்ந்தார்கள். "அக்கா, லெஃப்ட்ல, லெஃப்ட்ல!" என்று கத்தினார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை. அவளுடைய உதடுகள் மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. அவள் என்ன பேசுகிறாள் என்று எனக்குத் தெரியும். நைனாவைத் திரும்பிப் பார்த்தேன். கைதட்டுவது நின்று, கைப்பையை மார்போடு அணைத்தபடி, அவர் திரையை விட்டுவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போலாம் சரோ" என்று மெதுவாகச் சொன்னார். அம்மா சட்டென்று குச்சியை விட்டாள். பையன்கள் 'ச்சே' என்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில் நைனா கேட்டார்: "இதெல்லாம் எப்ப கத்துக்கினே?"

"பகல்ல."

"பகல்லன்னா?"

"இவ ஸ்கூலுக்குப் போனா வூட்ல வேற யாரு?" அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம், செத்தாலும் மிதிக்கமாட்டேன் என்று சொல்லியிருந்த குடியாத்தத்து வீட்டுக்கு அவரே எங்களை அழைத்துப்போனார். தாத்தா தறியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. நைனா வாசலில் நின்றபடியே, "என்கிட்ட நீங்க பேச வேணாம். நான் ஊர்ல இல்லாதப்போ உங்க பொண்ண மட்டும் பார்த்துக்குங்க" என்றார். நாங்கள் தெருமுனை திரும்பும்போது சித்தி ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுத்தெருவில் இரண்டு பேரும் அழுதார்கள். நைனா அந்த மாதமே சவுதிக்குத் திரும்பிவிட்டார். அதற்கப்புறமும் பல வருஷம் அங்கேதான் இருந்தார். ஆனால் சித்தி அவ்வப்போது மதிய பஸ்ஸில் வரத் தொடங்கினாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. ஒரு மழைநாளில் கரண்ட் ஏறி இறங்கியதில் பெட்டி கருகியபோது அம்மா பெரிதாக வருத்தப்படவில்லை.

இப்போது கோட்டை மைதானத்தில் அந்த மாதிரிக் கூடாரம் வருவதில்லை. பெட்டி காயலான் கடைக்குப் போய்விட்டது. அம்மா போய் மூன்று வருஷமாகிறது. அதே விளையாட்டைப் போன மாதம் என் போனில் பார்த்துவிட்டு, நைனா வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார், ஆடவில்லை.

"அங்க ரூம்ல நான்தான் ஒண்டியா கஷ்டப்பட்றேன்னு நெனச்சினு இருந்தேம்மா" என்றார். "இங்க உங்கம்மாவுக்கு நீ இருக்கியே, அவளுக்கு இன்னா கொறைன்னு. அன்னிக்கு அவ ஆடறதப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, இந்த ஆட்டத்துக்கு எத்தினி பகல் போயிருக்கும்னு."

போனை என்னிடம் நீட்டிவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைக்கத் தொடங்கினார்.